பழைய கார் தட்டுகிறதா? எங்கே என்று தேடும் முன் எப்போது என்று கேளுங்கள்

என்னிடம் இருப்பது 1998ஆம் ஆண்டு மாருதி 800. மூன்று சிலிண்டர், 796 சி.சி., பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் என்று எல்லாமே பழைய முறை. ஸ்கேனரைச் செருகிப் பிழைக் குறியீட்டைப் படிக்க அதில் கணினி கிடையாது. என்ன கோளாறு என்றாலும் காதாலும் கையாலும்தான் கண்டுபிடித்தாக வேண்டும். சென்ற ஆண்டு அதில் ஒரு ‘டொக்’ சத்தம் குடிபுகுந்தது. வேகத்தடையில் ஏறி இறங்கினால் கேட்கும். சில நாள் நின்ற இடத்திலேயே கேட்கும். யாரையாவது உட்கார வைத்துக் காட்டலாம் என்றால் வாய் திறக்காது. முதலில் காட்டிய பட்டறையில் பானெட்டைத் திறந்து, ஆக்ஸிலேட்டர் கேபிளை இரண்டு முறை இழுத்து விட்டுப் பார்த்தவர், “கனெக்டிங் ராடு அடிக்குது சார், இன்ஜினை இறக்கிடலாம்” என்றார். பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கம்பியைத்தான் சொன்னார். இறக்கியிருந்தால் புதிய பேரிங்குகளுடன் அதே சத்தம் வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது.

தட்டும் சத்தம் கேட்டவுடன் நாம் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி, அது எங்கிருந்து வருகிறது என்பதுதான். அந்தக் கேள்விக்குக் காது சரியான பதிலைச் சொல்வதில்லை. காரின் கூடு முழுவதும் தகடு. தகட்டில் சத்தம் ஓடும். இடது முன்சக்கரத்தருகே பிறந்த தட்டல் ஓட்டுபவரின் காலடியில் கேட்கும். பின்பக்கம் சைலன்சர் தொங்கும் ரப்பர் அறுந்தால் முன்னிருக்கைகளுக்கு நடுவே கேட்கும். அதே காது, சத்தம் எப்போது வருகிறது, எந்தத் தாளத்தில் வருகிறது, எதைச் செய்தால் நிற்கிறது என்ற கேள்விகளுக்கு ஏறக்குறையத் தவறாமல் பதில் சொல்லும். எனவே ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஒரு சிறு நோட்டை எடுத்துக் காரில் போட்டுக்கொள்ளுங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டிலா, சூடேறிய பிறகா, நிற்கும்போதா, ஓடும்போதா, கிளட்சை மிதித்தால் மாறுகிறதா, பிரேக்கைத் தொட்டால் நிற்கிறதா, இடப்பக்கம் திருப்பினால் கூடுகிறதா, மழை நாளில் குறைகிறதா என்று ஒரு வாரம் குறித்து வந்தாலே, சந்தேகிக்க வேண்டிய உறுப்புகள் நாற்பதிலிருந்து நாலைந்தாகச் சுருங்கிவிடும்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டிய ஒன்று உண்டு, சொன்னால் சிரிப்பீர்கள். டிக்கியைக் காலி செய்யுங்கள். ஜாக்கி, வீல் ஸ்பேனர், ஸ்டெப்னி, இருக்கைக்கு அடியில் உருளும் தண்ணீர் பாட்டில், கதவுப் பையில் கிடக்கும் டார்ச் விளக்கு எல்லாவற்றையும் வீட்டில் வைத்துவிட்டு ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். பேட்டரியின் பிடிப்பட்டை, ஏர் கிளீனர் மூடி, நம்பர் பிளேட் ஆகியவற்றைக் கையால் ஆட்டிப் பாருங்கள். பிறகு நான்கு சக்கரங்களின் நட்டுகளையும் ஸ்பேனர் போட்டு இறுக்கிப் பாருங்கள். பஞ்சர் ஒட்டிய மறுநாள் தொடங்கிய சத்தம் என்றால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தளர்ந்த சக்கர நட்டு வேகம் கூடக்கூடத் தட்டும். அலட்சியம் செய்தால் சக்கரமே கழன்றுவிடும்.

மூன்று தாளங்கள்

காரில் தட்டும் எந்தச் சத்தமும் மூன்றில் ஒரு தாளத்தைப் பின்பற்றும். ஒன்று இன்ஜின் சுற்றும் தாளம். இரண்டு சக்கரம் சுற்றும் தாளம். மூன்றாவது சாலையின் மேடுபள்ளம், அதாவது தாளமே இல்லாத தாளம். இவற்றைப் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஆளரவமற்ற நேரான சாலையில் 40 கி.மீ. வேகத்தில் செல்லும்போது கிளட்சை முழுக்க மிதித்து, ஆக்ஸிலேட்டரை விட்டுவிடுங்கள். இன்ஜின் ஐடிலிங்குக்கு, அதாவது மிதியைத் தொடாதபோது ஓடும் குறைந்த வேகத்துக்கு, இறங்கிவிடும். வண்டி அதே வேகத்தில் உருளும். சத்தமும் இன்ஜினோடு சேர்ந்து இறங்கினால் அது இன்ஜினைச் சேர்ந்தது. இன்ஜினைக் கண்டுகொள்ளாமல் அதே வேகத்தில் தட்டிக்கொண்டே வந்து, வண்டி மெதுவாகும்போது தானும் மெதுவானால் அது சக்கரத்தையோ ஆக்ஸிலையோ சேர்ந்தது. வழவழப்பான புதுத் தார்ச்சாலையில் காணாமல் போய், கல் பெயர்ந்த தெருவில் திரும்பி வந்தால் சஸ்பென்ஷன் அல்லது ஸ்டியரிங். இந்தச் சோதனையின்போது சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்திவிடக் கூடாது. ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும் அபாயமும், பிரேக் கனத்துப் போகும் அபாயமும் உண்டு.

சக்கரத் தாளத்தை எண்ணியே பார்த்துவிடலாம். என் காரில் உள்ள 145/70 ஆர்12 டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.6 மீட்டர் உருளும். 10 கி.மீ. வேகம் என்பது நொடிக்கு 2.8 மீட்டர் அளவில் வருவதால், சக்கரம் ஒவ்வொரு நொடியும் இரண்டுக்குச் சற்றுக் குறைவான சுற்றுகள் சுற்றும். அந்த வேகத்தில் நொடிக்கு இரண்டு தட்டல்போல் ஒரே சீராகக் கேட்டால், டயரின் பள்ளத்தில் சிக்கிய ஜல்லிக்கல்லையோ குத்தி நிற்கும் ஆணியின் தலையையோ முதலில் தேடுங்கள். என் பக்கத்து வீட்டுக்காரர் கியர்பாக்ஸ் என்று பயந்து கொண்டுவந்த சத்தத்தை ஒரு ஸ்க்ரூ டிரைவர் முனையால் நெம்பி எடுத்துக் கையில் கொடுத்தேன்.

இன்ஜின் தாளத்தில் வரும் சத்தம்

இங்கேதான் அச்சமும் அதிகம், ஏமாறுவதும் அதிகம். எனவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

நான்கு வீச்சு (ஃபோர் ஸ்ட்ரோக்) இன்ஜினில், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டு இரண்டு முறை சுற்றினால், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் ஒரு முறை சுற்றும். ஐடிலிங் நிமிடத்துக்கு 900 சுற்றில் இருந்தால் கிராங்க் நொடிக்கு 15 முறையும் கேம் ஏழரை முறையும் சுற்றுகின்றன. ஆகவே பிஸ்டன், கனெக்டிங் ராடு, கிராங்க் போன்ற கீழ்ப்பகுதிச் சத்தங்கள் வேகமாகவும், வால்வு, டாப்பெட் போன்ற மேல்பகுதிச் சத்தங்கள் அதில் பாதி வேகத்திலும் வரும். நொடிக்கு 15 தட்டலை எண்ண யாராலும் முடியாது. ஆனால் கைபேசியில் பதிவு செய்து, அலைவடிவம் காட்டும் ஏதாவது ஒரு செயலியில் திறந்தால், இரண்டு நொடிக்குள் எத்தனை முனைகள் எழுகின்றன என்று கண்ணாலேயே எண்ணிவிடலாம்: 30 என்றால் கீழே, 15 என்றால் மேலே. ஆர்.பி.எம். மீட்டர் இல்லாத காரில் பிளக் பற்றும்போதெல்லாம் மின்னும் டைமிங் லைட்டை ஒன்றாம் நம்பர் பிளக் வயரில் மாட்டுங்கள். அது கிராங்க் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை மின்னும். ஒவ்வொரு மின்னலோடும் ஒரு தட்டு விழுந்தால் கேம், இரண்டு விழுந்தால் கிராங்க்.

பாதி வேகத்தில் வரும் ‘டிக் டிக்’ பெரும்பாலும் டாப்பெட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் உறுப்புக்கும் நடுவே விடும் சிறு இடம். கையேட்டில் சொன்ன அளவுக்கு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துச் சரிசெய்தால் அடங்கும். ஆனால் கார்புரேட்டர் மாருதியில் இன்னொரு பொருளும் அதே வேகத்தில் அதே குரலில் பேசும்; கேம் ஷாஃப்ட் இயக்கும் மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப். டாப்பெட்டை மூன்று முறை சரிசெய்தும் சத்தம் போகவில்லை என்பவர்கள் பம்பின் மேல் ஒரு விரலை வைத்துப் பார்ப்பது நல்லது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கேஸ்கட் கசிந்தாலும் இதே போன்ற சத்தம் வரும். அது குளிர்ந்திருக்கும்போது உரத்துக் கேட்டு, இரும்பு சூடேறி விரிந்ததும் தணிந்துவிடும் என்பது அடையாளம்.

கனெக்டிங் ராடு பேரிங் தேய்ந்த சத்தம் வேறு ரகம். அது சுத்தியலால் மரக்கட்டையைத் தட்டுவது போன்ற கனமான சத்தம். ஐடிலிங்கில் அவ்வளவாகக் கேட்காது. 2000, 2500 சுற்றில் இன்ஜினைச் சீராக வைத்துக்கொண்டு மிதியை இம்மியளவு தளர்த்தும் நொடியில் ‘டகடகடக’ என்று வெளிப்படும். இன்ஜின் சூடாகி ஆயில் நீர்த்த பிறகு மோசமாகும். இதற்கு நேர்மாறானது பிஸ்டன் ஆடும் சத்தம். காலைக் குளிரில் தட்டி, ஐந்து கிலோமீட்டர் ஓடியதும் அடங்கிவிடும். அதை வைத்துக்கொண்டே பல ஆண்டுகள் ஓட்டுபவர்கள் உண்டு. நானாக இருந்தால் அதற்காக இன்ஜினைத் தொடமாட்டேன். மெயின் பேரிங் என்றால் பளு ஏறும்போது தரைக்கு அடியிலிருந்து வருவது போன்ற ‘தொம் தொம்’.

ராடு சத்தத்தை உறுதிசெய்ய ஒரு பழைய சோதனை இருக்கிறது. இன்ஜினை நிறுத்திவிட்டு, ஒரு சிலிண்டரின் பிளக் வயரைக் கழற்றி, அதில் ஒரு உபரிப் பிளக்கைச் செருகி, அதன் உடல் இன்ஜின் இரும்பில் அழுந்தும்படி கட்டிவிட்டு, மீண்டும் ஸ்டார்ட் செய்யுங்கள். ஓடும் இன்ஜினில் வயரைப் பிடுங்கும் வீரம் வேண்டாம். ஷாக் பலமாக அடிக்கும். வெடிப்பின் அழுத்தம் இல்லாததால், தேய்ந்த பேரிங் அந்தச் சிலிண்டரில் இருந்தால் தட்டல் வெகுவாகக் குறையும். மூன்றையும் இப்படி ஒவ்வொன்றாகப் பாருங்கள். மூன்று சிலிண்டர் இன்ஜினில் ஒன்றை நிறுத்தினால் மீதி இரண்டும் நாற்காலியை ஆட்டுவது போல் வண்டியை ஆட்டும்; அந்த ஆட்டத்தில் புதிதாக எழும் சத்தங்களைக் கணக்கில் சேர்க்காமல், முதலில் கேட்ட தட்டலை மட்டும் பிடித்துக்கொண்டு கேட்கப் பழக வேண்டும். 2000க்குப் பிந்தைய எம்.பி.எஃப்.ஐ. கார்களில் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஓர் இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சும்) எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் என்பதால், பிளக்கை விட்டுவிட்டு அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றுவது முறை.

என் காரில் இந்தச் சோதனையில் எந்தச் சிலிண்டரை நிறுத்தியும் தட்டல் குறையவில்லை. மாறாக, இன்ஜின் ஆட ஆட அதிகமாயிற்று. இதை நோட்டில் அடிக்கோடிட்டு வைத்தேன்.

ஆயில் இன்னொரு சாட்சி. டிப்ஸ்டிக்கில் அளவு கீழ்க்கோட்டுக்குக் கீழே இருந்தால், வேறு எதையும் சோதிப்பதற்கு முன் அதை நிரப்புங்கள். ஆயில் மாற்றும்போது வடியும் ஆயிலை வெள்ளைத் துணி விரித்த வடிகட்டியில் விட்டு, வெயிலில் சாய்த்துப் பாருங்கள். செம்பு நிறத்திலோ வெள்ளி நிறத்திலோ மினுமினுக்கும் பொடி இருந்தால் அதன் மேல் ஒரு காந்தத்தைக் காட்டுங்கள். ஒட்டாத மினுமினுப்பு பேரிங்கின் மேற்பூச்சு; ஒட்டுவது இரும்பு, அது கிராங்க், கேம், ரிங் ஆகியவற்றில் ஏதோ ஒன்று தேய்வதைக் காட்டும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று நொடி மட்டும் கடகடத்து அடங்கினால் மலிவான ஆயில் ஃபில்டரைச் சந்தேகியுங்கள். ஆயில் திரும்ப வடியாமல் தடுக்கும் ரப்பர் வால்வு அதில் சரியாக இருக்காது.

இடத்தைத் தேட வேண்டிய கட்டம் இப்போதுதான் வருகிறது. நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜினின் ஒரு புள்ளியில் வைத்து, கைப்பிடியை மூடிய விரல் முட்டியின் மீது காதைச் சாய்த்துக் கேளுங்கள். நேரடியாகக் காதுத் துளையில் வைக்கக் கூடாது. முனை வழுக்கினால் செவிப்பறை போய்விடும். வேட்டி முனை, துப்பட்டா, கழுத்துச் சங்கிலி எதுவும் பெல்ட்டை நெருங்கக் கூடாது. ரேடியேட்டர் விசிறி மின்சாரத்தில் ஓடுவதால் சும்மா இருக்கும்போதே திடீரென்று சுற்றத் தொடங்கும். ராக்கர் மூடி, பிளாக்கின் பக்கவாட்டில் மூன்று சிலிண்டர்களுக்கும் நேரே ஒவ்வோர் இடம், சம்ப் (அடியில் உள்ள ஆயில் தொட்டி), ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் என்று வரிசையாக வைத்துக் கேட்டால், சத்தம் ‘அறைக்குள்’ இருப்பதுபோல் தெளியும் இடம் ஒன்று தென்படும். ஆல்டர்னேட்டர் அருகில் தெளிந்தால் இன்ஜினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, ஒரு நிமிடத்துக்கும் குறைவாக மீண்டும் ஓட்டிப் பாருங்கள். வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில்தான் சுற்றுகிறது, அதனால் நீட்டிக்க வேண்டாம். சத்தம் போய்விட்டால், ராடு என்று சொல்லப்பட்ட தட்டல் ஆல்டர்னேட்டர் பிராக்கெட்டின் தளர்ந்த போல்ட்டாகவோ வாட்டர் பம்பின் பேரிங்காகவோ இருக்கும்.

கிளட்ச் மிதியையும் மறந்துவிடாதீர்கள். நியூட்ரலில் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் கிளட்சை மிதித்ததும் நின்றால் அது கியர்பாக்ஸின் உள்ளே வரும் ஷாஃப்ட்டின் பேரிங் அல்லது கிளட்ச் தட்டு. மிதிக்கும்போது மட்டும் எழுந்தால் ரிலீஸ் பேரிங்.

மலை ஏறும்போது மட்டும்

சமவெளியில் அமைதியாக ஓடும் வண்டி, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் மூன்றாம் கியரில் இழுக்கும்போது மட்டும் உண்டியலைக் குலுக்குவதுபோல் ‘கிணிகிணி’ என்றால், அது உறுப்பு எதுவும் தளர்ந்த சத்தமன்று. சிலிண்டருக்குள் கலவையின் ஒரு பகுதி, பிளக் பற்றவைத்த தீ வந்து சேருவதற்கு முன்பே தானாக வெடிக்கிறது. பட்டறைகளில் இதைத்தான் நாக்கிங் என்பார்கள். கீழ்க் கியருக்கு மாறியதும் நின்றுவிடும் என்பது இதற்கு நம்பகமான அடையாளம். தொடர்ந்து விட்டால் பிஸ்டனின் தலை உருகும்.

டிஸ்ட்ரிபியூட்டர் வைத்த காரில் முதல் சந்தேகம் இக்னிஷன் டைமிங், அதாவது பிளக் பற்றவைக்கும் நேரம். ‘பிக்-அப் வேணும்’ என்று யாரோ எப்போதோ டிஸ்ட்ரிபியூட்டரை முன்னே திருப்பி வைத்திருப்பார்கள். டைமிங் லைட்டில் பார்த்துக் கையேட்டு அளவுக்குக் கொண்டுவாருங்கள். அது சரியென்றால் இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிறதா, பிஸ்டன் தலையில் கரி படிந்திருக்கிறதா, தவறான வெப்ப எண்ணுள்ள பிளக் போட்டிருக்கிறார்களா என்று வரிசையாகப் பாருங்கள்.

எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம் என்று எல்லாச் சத்தத்துக்கும் அதன் மேல் பழியைப் போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. எத்தனால் ஆக்டேன் எண்ணைக் கூட்டும். அந்த வகையில் அது நாக்கிங்கைத் தடுக்கவே செய்யும். கார்புரேட்டர் காரில் சிக்கல் வேறு வழியில் வருகிறது. ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்குச் சுமார் 9 பங்கே போதும். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டின் துளையோ பழைய பெட்ரோலுக்காக அளவெடுத்தது. கலவையை அறிந்து திருத்திக்கொள்ளும் சென்சாரும் இல்லை. ஆகவே 20 சதவீத எத்தனால் உள்ளே போகும்போது கலவையில் காற்று மிஞ்சிப்போய் இன்ஜின் சூடாக ஓடும். ஜெட்டில் தூசியும் அடைத்திருந்தால் சொல்லவே வேண்டாம். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து கலவையைச் சரிபார்ப்பதோடு, ரப்பர் குழாய்கள் ஊறிப்போயிருக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள்.

அடியிலிருந்து வரும் சத்தம்

என் நோட்டின் முதல் பக்கத்தில் இரண்டு வரிகள் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தன. ‘வேகத்தடையில் தட்டுகிறது’ என்பது ஒன்று. ‘நின்ற இடத்தில் ரேஸ் செய்து விட்டால் தட்டுகிறது’ என்பது மற்றொன்று. இரண்டையும் ஒரே சத்தம் என்று நினைத்ததுதான் என் தவறு. இருபத்தைந்து வயதைத் தாண்டிய வண்டியில் எல்லா ரப்பரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் காய்ந்துபோகும். இரண்டு சத்தங்கள் ஒரே குரலில் பேசுவதில் வியப்பில்லை.

வேகத்தடைச் சத்தத்தைப் பிரித்தறிய இரண்டு விதமாக ஏற வேண்டும். முதலில் இரண்டு முன்சக்கரங்களும் ஒரே நேரத்தில் ஏறும்படி நேராகப் போங்கள். பிறகு வேகத்தடையின் ஓரத்தில் ஒரு சக்கரம் மட்டும் ஏறும்படி போங்கள். இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறும்போது இடது வலது சக்கரங்களை இணைக்கும் ஸ்டெபிலைசர் பார் முறுக்கேறாது; ஒன்று மட்டும் ஏறும்போதுதான் முறுக்கேறும். எனவே ஒற்றைச் சக்கரத்தில் மட்டும் தட்டினால் ஸ்டெபிலைசரின் புஷ், அதாவது பார் உட்காரும் ரப்பர் வளையம். மாருதி 800இல் இந்தப் பாருக்கு இன்னொரு வேலையும் உண்டு. சக்கரத்தைக் கீழே தாங்கும் லோயர் ஆர்ம் முன்னும் பின்னும் நகராமல் பிடித்திருப்பதும் அதுதான். அதனால் புஷ் தேய்ந்தால் பிரேக் பிடிக்கும்போதும் ஒரு ‘டொக்’ கேட்கும். என் காரில் இரண்டும் இருந்தன. கழற்றிய புஷ்ஷைக் கையில் வாங்கிப் பார்த்தேன்: வட்டமாக இருக்க வேண்டிய துளை முட்டை வடிவில் நீண்டு, உள்விளிம்பில் ரப்பர் கரித்தூளாக உதிர்ந்துகொண்டிருந்தது, பாரின் மேல் அது உரசிய இடம் கண்ணாடிபோல் பளபளத்தது.

இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறும்போதும் தட்டினால் ஷாக் அப்சார்பர், அதன் மேல் மவுண்டிங், லோயர் ஆர்ம் பால் ஜாயிண்ட் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நின்ற இடத்தில் ஒருவரை ஸ்டியரிங்கைத் திருப்பச் சொல்லி, சஸ்பென்ஷன் ஸ்ப்ரிங்கின் மேல் கை வைத்துப் பாருங்கள். ஸ்ப்ரிங் வழவழவென்று சுழலாமல் முறுக்கிக்கொண்டு ‘டங்’ என்று விடுபட்டால் மேல் மவுண்டிங் போய்விட்டது. பால் ஜாயிண்டுக்கு வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்துவிட்டு (வெறும் ஜாக்கியை நம்பி அடியில் ஒருபோதும் போகக் கூடாது), சக்கரத்தைக் கடிகாரத்தின் 12, 6 நிலைகளில் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் உள்ளே ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட். 3, 9 நிலைகளில் ஆட்டம் என்றால் டை ராடு எண்ட் அல்லது ஸ்டியரிங் ரேக். பால் ஜாயிண்ட் ஆட்டம் கண்ட வண்டியை அன்றைக்கே சரிசெய்ய வேண்டும். அது பிடுங்கிக்கொண்டால் சக்கரம் பக்கவாட்டில் மடங்கிவிடும்.

சின்னச் சின்னக் குலுங்கலில் கிலுகிலுத்து, பிரேக்கை மெல்லத் தொட்டதும் வாயடைத்தால் அது பிரேக் பேடும் காலிப்பர் பின்னும். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி மைதானத்தில் வட்டமடிக்கும்போது ‘டக் டக் டக்’ என்றால் டிரைவ் ஷாஃப்ட்டின் வெளி ஜாயிண்ட். சக்கரத்தின் உட்புறத்தில் கிரீஸ் தெறித்திருக்கும், ரப்பர் பூட் கிழிந்திருக்கும். இடதா வலதா என்பதை ஓட்டுபவர் சொல்ல முடியாது, வெளியே நிற்பவர்தான் சொல்ல வேண்டும். அம்பாசடர், பத்மினி வைத்திருப்பவர்களுக்கு இதற்குப் பதில் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் யு.ஜே. கிராஸ் (தண்டு வளைந்து சுழல விடும் இணைப்பு) இருக்கிறது, முதல் கியரில் எடுக்கும்போதும் மிதியை விடும்போதும் ஒற்றை ‘டங்’ கேட்டால் வண்டியைப் பள்ளத்தின் மேல் நிறுத்தி, ஷாஃப்ட்டைக் கையால் முறுக்கிப் பாருங்கள்.

இனி என் இரண்டாவது சத்தம். ரேஸ் செய்து விடும்போது ஒரே ஒரு ‘டொக்’. சிலிண்டரை நிறுத்தி இன்ஜின் ஆடும்போது தொடர்ச்சியாக. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கால் பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, மகனை முதல் கியரில் கிளட்சை மெல்ல விடச் சொன்னேன், பிறகு ரிவர்ஸில். நான் பானெட்டின் பக்கவாட்டில் நின்றேன். முன்னால் நிற்கவே கூடாது. கால் வழுக்கினால் வண்டி மேலே வந்துவிடும். முதல் கியரில் இன்ஜின் ஒரு பக்கம் இரண்டு விரற்கடை தூக்கியது. ரிவர்ஸில் அதே அளவு அமிழ்ந்து ‘டொக்’ என்றது. இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் நன்றாக இருந்தால் லேசாக அசைவதோடு சரி. இன்ஜினை நிறுத்தி, சைலன்சர் ஆறிய பிறகு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தபோது, பின்பக்க மவுண்டிங்கின் ரப்பர் இரும்பிலிருந்து முழுதாக உரிந்து தொங்கியது. இன்ஜின் சாயும்போதெல்லாம் எக்ஸாஸ்ட் குழாய் அடித்தட்டில் இடித்து, அங்கே கட்டைவிரல் அகலத்தில் வண்ணம் போய்த் துருவில்லாமல் மின்னியது. பட்டறைக்காரர் கேபிளை இழுத்து விட்டபோது கேட்டது இந்த இடிதான்.

பழைய வண்டியில் வேறு எதையும் தொடுவதற்கு முன் இந்த இடங்களில் டார்ச் அடித்துப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. தூசி படிந்த அடித்தட்டில் தூசியில்லாமல் பளிச்சிடும் ஓர் இடம், அங்கே ஏதோ மோதுகிறது என்று காட்டிக் கொடுக்கும். காதுக்கு எட்டாததைக் கண் சொல்லும் ஓரிடம் இது.

ஓட்டுவதை உடனே நிறுத்த வேண்டிய சத்தங்கள் சில உள்ளன. தட்டலோடு ஆயில் பிரஷர் விளக்கு எரிந்தால், ஐடிலிங்கில் மினுக்கினாலும் கூட, அந்த இடத்திலேயே இன்ஜினை நிறுத்திவிட்டு வண்டியைக் கட்டி இழுத்துச் செல்லுங்கள். நாளுக்கு நாள் உரத்துவரும் கனமான இன்ஜின் தட்டல், ஸ்டியரிங்கில் கைக்கு உணரும் தட்டல், சக்கரத் தாளத்தில் வேகத்தோடு ஏறும் தட்டல் ஆகியவற்றையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம். இவையும் மேலே எச்சரித்தவையும் தவிர மற்றவற்றுக்கு அவசரமில்லை.

பட்டறைக்குப் போகும்போது “ராடு அடிக்குதுபோல” என்று நோயின் பெயரைச் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் அதற்கான மருத்துவம்தான் நடக்கும். “சூடான பிறகு, முதல் கியரில் கிளட்ச் விடும்போது ஒரு முறை, ரிவர்ஸில் ஒரு முறை, ஓடும்போது இல்லை” என்று நோட்டில் உள்ளதை அப்படியே படியுங்கள். முடிந்தால் மெக்கானிக்கைப் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்து, சத்தம் வரும் அதே தெருவில் அதே வேகத்தில் ஓட்டிக் காட்டுங்கள். கழற்றிய பழைய பொருளைக் கேட்டு வாங்குங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். நாலைந்தை ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்று கடைசி வரை தெரியாது, அடுத்த முறை மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

நான் இரண்டாவதாகப் போன பட்டறையில் முதல் வாரம் ஸ்டெபிலைசர் புஷ்கள் மட்டும் மாற்றப்பட்டன. வேகத்தடைச் சத்தம் நின்றது. நின்ற இடத்துச் சத்தம் அப்படியே இருந்தது. அடுத்த வாரம் மவுண்டிங் மாறியது, அதுவும் போயிற்று. இப்போது ஐடிலிங்கில் மெல்லிய ‘டிக் டிக்’ ஒன்று மிஞ்சியிருக்கிறது. பெட்ரோல் பம்பின் மேல் விரல் வைத்தால் அது விரலிலேயே துடிக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.